திங்கள்கிழமைக் கடிதம்

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்தது. அம்மா தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தால்கூட, எதற்கு என்று யோசித்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். இப்படிப்பட்டவனை ஊழியத்துக்கு அனுப்பி, நாள் முழுக்க இன்னொருவனோடு ஒட்டிக்கொண்டு இரு என்றால் என்ன ஆகும்?

அந்த இன்னொருவன் எல்டர் ஹாஸ்லம். அமெரிக்காவில் ஐடஹோ பக்கம் உருளைக்கிழங்கு போடும் குடும்பம். வயது பத்தொன்பது. எங்கள் மார்மன் சபையில் ஊழியத்துக்கு வரும் பையன்கள் எல்லோருக்கும் ‘எல்டர்’ பட்டம் உண்டு. மீசை முளைக்காத மூப்பர்கள். நான் எல்டர் லாவாகா, டோங்காவின் பெரிய தீவிலிருந்து வாவாவு தீவுக்கு வந்தவன். அவன் கடல் தாண்டி வந்தவன். இருவருக்கும் சட்டம் ஒன்றுதான்: துணையின் பார்வையை விட்டு விலகக் கூடாது. கழிப்பறையைத் தவிர எங்கே போனாலும் ஜோடிதான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை தலைவர் நினைத்தால் ஜோடியை மாற்றுவார்.

திங்கள்கிழமை துணி துவைப்போம், வீட்டுக்குப் பேசுவோம், ஊழியத் தலைவருக்கு ஆளுக்கொரு கடிதம் செல்போனில் எழுதி அனுப்புவோம். மற்ற நாட்களில் வெள்ளைச் சட்டை, டை, எங்கள் ஊர் மரியாதைப்படி இடுப்பில் சுற்றிய பாய், சைக்கிள், வீடு வீடாகப் பிரசங்கம், நாய்க்குப் பயந்து ஓட்டம். வெள்ளிக்கிழமை காலையில் எதிரெதிரே உட்கார்ந்து, துணையிடம் என்ன குறை என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஞாயிறு முழுக்க ஆராதனை.

தலைவருக்கு நான் மூன்று வரி எழுதுவேன். ஹாஸ்லம் முக்கால் மணி நேரம் தட்டுவான். நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைப்பான்.

“அப்படி என்ன எழுதுற எல்டர், பைபிளா?”

“சும்மா. இந்த வாரம் நடந்ததை.”

சும்மா எழுதுகிறவன் எதற்குக் கவிழ்க்க வேண்டும்?

நான் பயப்படக் காரணம் இருந்தது. புதன்தோறும் எங்களுக்குச் சபையைச் சேர்ந்த சகோதரி மெலியாமே வீட்டில் சாப்பாடு. ஆகஸ்டில் அங்கே லோசலின் என்ற பெண் வந்து தங்கினாள். என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் மகள். எங்கள் ஊரில் மாமன் மகளும் தங்கைதான். தங்கை இருக்கும் அறையில் அண்ணன் உட்கார மாட்டான். கால் தானாக எழுந்துவிடும். அவள் உள்ளே வந்ததும் நான் வெளியே போய் ஈரப்பலா மரத்தடியில் நின்றேன், துணையை விட்டுவிட்டு.

வெளியே குழியடுப்பில் வேலையாக இருந்த மெலியாமே சிரித்தாள். “ஏன் எல்டர், வெள்ளைக்காரனை உள்ள விட்டுட்டு வந்துட்ட? கிழங்கு மொத்தத்தையும் அவனே முழுங்கிடப் போறான்.”

“உள்ள தங்கச்சி இருக்கு, சகோதரி.”

“ஓ, சரி சரி.”

அவளுக்கு அது போதும். ஹாஸ்லத்திடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தங்கையைப் பற்றி இன்னொரு ஆணிடம் என்ன பேச்சு? அவனும் கேட்கவில்லை. நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், போலீஸ்காரன் மாதிரி. நான்கு புதன்கிழமையும் இதே கதை.

வெள்ளிக்கிழமை வரட்டும், கேட்பான் என்று காத்திருந்தேன்.

“உன்கிட்ட குறைன்னா... சைக்கிளை ரொம்ப வேகமா மிதிக்கிற. அவ்வளவுதான்.”

முகத்துக்கு நேரே சொல்லாதவன் முதுகுக்குப் பின்னால் எழுதுகிறான் என்று முடிவு கட்டினேன். சட்டத்தை மீறியவன் என்று பாதியில் ஊருக்கு அனுப்பிவிட்டால்? என் அண்ணன் அப்படித் திரும்பி வந்தவன். மூன்று வருடமாக அப்பா அவன் முகம் பார்த்துப் பேசுவதில்லை. இரண்டாவது மகனும் பெட்டியோடு வந்து நின்றால் அப்பா சபைப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

அந்தத் திங்கள்கிழமை நான் முந்திக்கொண்டேன். ‘புதன்கிழமைகளில் எல்டர் ஹாஸ்லம் ஓர் இளம்பெண்ணோடு ஒரே வீட்டுக்குள் இருக்கிறார். எனக்குக் கவலையாக இருக்கிறது.’ வாசல் நாற்காலியைப் பற்றி எழுதவில்லை. அவள் எனக்கு என்ன உறவு என்றும் எழுதவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அனுப்பியதும் மனம் லேசாகிவிட்டது.

வியாழக்கிழமையே தலைவர் விமானத்தில் வந்து இறங்கினார். டோங்காக்காரர், முன்பு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். சபை அலுவலகத்துக்கு என்னை மட்டும் கூப்பிட்டார்.

“அந்தப் பொண்ணு யாரு?”

“மெலியாமே வீட்டுக்கு வந்திருக்கிறவ, தலைவரே.”

“உனக்கு என்ன உறவு?”

“தங்கச்சி முறை.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அப்போ அவ உள்ள வந்ததும் நீ எழுந்து வெளிய போயிருப்ப.”

“ஆமா.”

“அவனை அங்க விட்டுட்டுப் போனது யாரு?”

அவர் தன் செல்போனை எடுத்து, அதே திங்கள்கிழமை ஹாஸ்லம் எழுதியதை வாசித்தார்.

‘தங்கை வந்தால் லாவாகா வெயிலானாலும் மழையானாலும் வெளியே போய்விடுகிறான். ஏன் என்று சகோதரி மெலியாமேயிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் தங்கைக்கு நான் இப்படி ஒரு மரியாதை செய்ததே இல்லை. வாசலில் உட்கார்ந்தால் அவன் என் கண்ணில் இருப்பான், சட்டமும் மீறாது. தயவுசெய்து என்னை இன்னும் ஆறு வாரம் அவனோடு விடுங்கள்.’

செத்துவிடலாம் போலிருந்தது.

“உன்னை ஊருக்கு அனுப்பப் போறதில்ல” என்றார் தலைவர். “அவன் கேட்டபடியே ஆறு வாரம். ஆனா நீ எழுதினதை நீயே அவன்கிட்ட சொல்லணும். இன்னிக்கே.”

ஹாஸ்லம் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, “நான் பார்த்துக்கிட்டு இருந்தது உன்னைத்தான் எல்டர். அந்தப் பொண்ணு எப்படி இருப்பான்னுகூட எனக்குத் தெரியாது” என்றான். மறுபடி காற்றடிக்கக் குனிந்தான்.

அடுத்த புதன்கிழமை லோசலின் உள்ளே வந்தாள். நான் எழுந்தேன். ஹாஸ்லமும் எழுந்து என் பின்னால் வந்து மரத்தடியில் நின்றான்.

மெலியாமே அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னப்பா, இப்போ ரெண்டு பேருக்கும் அவ தங்கச்சியா?”

“இல்ல சகோதரி” என்றான் ஹாஸ்லம். “உள்ள இருந்தா என்மேல கடிதம் போயிடும்.”

அவள் அதை வேடிக்கை என்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. இன்னும் ஐந்து புதன்கிழமைகள் பாக்கி இருந்தன.