ஸ்டெல்லானுக்காக மாற்றிய துப்பாக்கி

ஹில்லெவி என் துப்பாக்கிப் பட்டறைக்கு வந்த அன்று கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கம்பளியில் சுற்றியிருந்த துப்பாக்கியை லேத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுக்குப் புதுக் குழல் போடணும், ஆர்னே. இடது கையால சுடுற மாதிரி மாத்தியும் தரணும்."

அந்தத் துப்பாக்கியை எனக்குத் தெரியும். அவள் கணவன் ஸ்டெல்லானுடையது. உலகப் போருக்கு முந்தைய மௌசர் ரைஃபிள். எங்கள் எல்க் மான் வேட்டைக் குழுவில் அவனைப் போலக் காது கூர்மையானவன் வேறு யாரும் இல்லை. போன இலையுதிர்காலத்தில் சதுப்பு ஓரம் காத்திருந்தபோது பக்கவாதம் வந்து சாய்ந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் துப்பாக்கியை யாரும் நினைக்கவில்லை. பிறகு போய்ச் சேற்றிலிருந்து எடுத்தபோது குழலின் உட்புறத்தைத் துரு தின்றிருந்தது. ஸ்டெல்லானுக்கு வலப்பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சில் சில சொற்களே மிச்சம்.

ஹில்லெவி பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தவள். யாரிடமும் உதவி என்று போய் நின்றதில்லை.

"நேத்து கஞ்சி ஊட்டினேன். என் கையைத் தட்டிவிட்டு 'போதும்'னான். கஞ்சி போதும்னு சொல்லலை, ஆர்னே."

"அப்படி இருக்கறவன் கையில துப்பாக்கியா?"

"வேற எதைக் கொடுக்கச் சொல்ற? ஆஸ்பத்திரியில பந்தை அமுக்கச் சொன்னாங்க, களிமண் பிசையச் சொன்னாங்க. எல்லாத்தையும் விட்டெறிஞ்சான். இந்த வருஷத்துல அவன் வாயைத் திறந்து கேட்டது ஒண்ணே ஒண்ணு. 'எல்க்'னு கேட்டான்."

அன்று மாலையே அவர்கள் மகள் அன்னெலி சுண்ட்ஸ்வால் நகரத்திலிருந்து தொலைபேசியில் கத்தினாள். "அப்பா எப்படா சாவோம்னு இருக்காரு. நீங்க அவருக்குத் துப்பாக்கி செஞ்சு தர்றீங்களா? உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா?"

எனக்குத் தூக்கம் போனது. வேலையைத் தொடாமலே வைத்திருந்தேன். ஹில்லெவி மறுபடி வந்தாள். "அன்னெலி சொல்றது சரிதான். நான் சொல்றதும் சரிதான். நீ ஆரம்பி." குண்டை ஏற்றிப் பூட்டும் போல்ட் இல்லாமல் துப்பாக்கி சுடாது. அதை அவள் கையில் மட்டும்தான் கொடுப்பேன், அது எப்போதும் துப்பாக்கியிலிருந்து தனியாக அவளிடமே இருக்க வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

பழைய குழல் துருவோடு இறுகிப்போய் அசைய மறுத்தது. எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, நீளமான ஸ்பானர் போட்டுத் தொங்கினேன். ஒரு நாள் வெடி வெடித்ததுபோலச் சத்தம் கேட்டது. துப்பாக்கியின் உடல்தான் பிளந்துவிட்டது என்று பயந்து உட்கார்ந்துவிட்டேன். குழல்தான் கழன்றிருந்தது. புதிய குழலைக் குட்டையாக, எடை குறைவாகப் போட்டேன். இடது கை மேலே தாண்டி வந்து பிடிக்கும்படி போல்ட்டின் கைப்பிடியை நீட்டினேன். வால்நட் மரத்தில் இடது கன்னத்துக்கு ஏற்றபடி, தோளில் அணைத்துக்கொள்ளும் புதுக் கட்டை செதுக்கினேன்.

அளவு பார்க்க ஸ்டெல்லானைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். அவன் சுவரையே பார்த்தான். துப்பாக்கியை இடது தோளில் வைத்தேன். தலை கட்டையின் மேல் சாய்ந்தது, எச்சில் வழிந்தது. அவன் மெல்லக் கையை இழுத்து, சட்டை நுனியால் மரத்தைத் துடைத்தான்.

"உசரம்," என்றான்.

கன்னம் படும் இடம் உயரமாகத்தான் இருந்தது. இழைத்துக் குறைத்தேன்.

பயிற்சித் திடலில் கம்பியில் ஓடும் மர எல்க் இலக்கைச் சுட்டுக் காட்டினால்தான் குழுவில் இடம். நாற்காலியில் ஒரு கவட்டைக் கம்பு பொருத்தி, குழலை அதில் தாங்கவைத்தோம். சுட்ட குண்டெல்லாம் பின்னாலிருந்த மண்மேட்டில் புதைந்தது.

"மேட்டைச் சாய்ச்சுட்ட, ஸ்டெல்லான்! அது இனி எந்திரிக்காது!" என்றார் குழுத் தலைவர் ஈவார். முன்பென்றால் அவன் அவரை வாயாலேயே உரித்துத் தொங்கவிட்டிருப்பான். இப்போது துப்பாக்கியைக் கீழே நழுவவிட்டு, கண்களை மூடிக்கொண்டான்.

திரும்பும் வழியில் ஹில்லெவி காரை ஓரங்கட்டினாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நான் பின்னிருக்கையில் இருந்தேன்.

"எனக்கு இனிமே ஒண்ணும் தெரியலை. ஒண்ணுமே தெரியலை," என்றாள்.

பக்கத்திலிருந்த ஸ்டெல்லான் இடது கையால் அவள் கோட்டுப் பையைத் தொட்டான். போல்ட் அதில்தான் இருந்தது.

"மாவு," என்றான். "மாவு டப்பா."

அவள் தலை நிமிர்ந்தது. வீட்டில் அவள் அதை ஒளித்துவைத்த இடம் மாவு டப்பா. அது இருந்தது கீழ்த்தட்டில், நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டும்.

"உனக்குத் தெரியுமா? எப்போலேர்ந்து?"

"அங்கயே வை," என்றான். பிறகு, "சனிக்கிழமை," என்றான். சனிக்கிழமைதான் அடுத்த பயிற்சி. ஹில்லெவி மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமையும் தோற்றான். அதற்கடுத்ததும் அப்படியே. வேட்டை தொடங்கும் நேரத்தில் ஒருவழியாகத் தேறினான். ஈவார் அவனைக் காட்டுப் பாதையோரம் அமர்த்தினார். பக்கத்தில் ஹில்லெவி, பின்னால் நான். மழை தூறியது. எங்களுக்கு ஒன்றும் கேட்காதபோதே ஸ்டெல்லானின் தலை திரும்பிவிட்டது. பிர்ச் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு எல்க் கன்று வந்து நின்றது. குழல் கவட்டைமேல் நடுங்கியது, பிறகு நின்றது. சுட்டான். கன்று சில அடி ஓடி விழுந்தது. அவன் போட்ட கூச்சல் சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரவு அந்தக் கன்றின் ஈரலைத் தானே முள்கரண்டியால் குத்திச் சாப்பிட்டான்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பனிக்காலத்தில் மறுபடி சுவரைப் பார்க்கும் நாட்கள் வந்தன, உணவைத் தள்ளிவிடும் நாட்களும். ஆனால் 'போதும்' என்ற சொல்லை அவன் பிறகு சொல்லவில்லை என்றாள் ஹில்லெவி. பனி உருகும்போது இரண்டாவது முறை பக்கவாதம் வந்து, காப்பி குடித்துக்கொண்டிருந்த மேசையிலேயே போய்விட்டான்.

ஹில்லெவி துப்பாக்கியை விற்றுத் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள்.

"வலது கைக்குத் திருப்பி மாத்திடவா? சட்டுனு விலை போகும்."

"அதுல கை வெக்காதே."

ஸ்வேக் ஊரில் தபால் கொடுக்கும் இடக்கைக்காரி ஒருத்தி வாங்கிக்கொண்டாள். அந்த இலையுதிர்காலத்தில் நாங்கள் இறைச்சி வெட்டும் கொட்டகைக்கு ஹில்லெவி தன் கத்தியோடு வந்தாள். ஈவார் மேசையில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.