எஸ்தரக்காவின் லத்தீன் அட்டைகள்

"அஞ்சு, பிரெட்டுன்னா ரொட்டிதானே?"

"ஆமாங்க்கா."

"அப்ப பானிஸ்னா ரொட்டி. எழுதிக்கிறேன்."

"பானிஸா? எந்த பாஷைக்கா அது?"

"லத்தீன்."

"யாரு படிக்கிறாங்க?"

"நான்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிமா, சிரி," என்றார் எஸ்தரக்கா. "எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சிரிச்சாரு. ரோமாபுரியிலேர்ந்து விருந்தாளி வர்றாங்களான்னு கேட்டுக்கினு இருந்தாரு."

"நிஜமா எதுக்குக்கா?"

"எங்கப்பாகிட்ட பேசறதுக்கு."

"அப்பாவுக்கு லத்தீன் தெரியுமா?"

"இப்ப அது மட்டும்தான் தெரியும்."

அதற்கு மேல் நான் சிரிக்கவில்லை.

சின்ன காஞ்சிபுரத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் டிசைன் கடையில், டிசம்பர் மாதக் காலை ஒன்றில் நடந்த பேச்சு இது. பட்டுப் புடவையின் பார்டருக்கான படத்தை நான் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போடுவேன். அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பது அக்காவின் வேலை. ஓர் அட்டைக்குப் பார்டரில் ஓர் இழை. அடித்த அட்டைகளை எண் வரிசையில் கயிற்றால் கோர்த்துத் தறிக்கு மேலே ஏற்றுவார்கள். துளை இருக்கும் இடத்தில் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. இருபத்திரண்டு வருடமாக அக்கா இதைச் செய்கிறார். பேசிக்கொண்டே அடிப்பார், பாடிக்கொண்டே அடிப்பார், யாரையாவது திட்டிக்கொண்டும் அடிப்பார். துளை மட்டும் தப்பாது.

அவருடைய அப்பா தேவசகாயம், காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் இடையே ஓடிய தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எழுபத்தைந்து வயதில் ஒருநாள் காலை பல் விளக்கப் போனவர் கீழே விழுந்தார். பக்கவாதம். கையும் காலும் ஓரளவு திரும்பி வந்தன, தமிழ் வரவில்லை. பெற்ற மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. பத்து நாள் கழித்து வாயைத் திறந்தபோது லத்தீன் வந்தது. சிறுவனாக இருந்தபோது, தென்னேரிப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு உதவி செய்யும் பையன் அவர். அந்தக் காலத்தில் பூசை லத்தீனில்தான். சின்ன வயதில் மனப்பாடமாக இறங்கியது மட்டும் தப்பித்திருக்கிறது, சிலருக்கு இப்படி நடப்பதுண்டு என்று டாக்டர் சொன்னாராம்.

அக்காவை வாட்டியது அதுகூட இல்லை. அப்பா ஒரு வரி சொல்வார். சொல்லி நிறுத்திவிட்டு மகளின் முகத்தையே பார்ப்பார். அக்கா தண்ணீரை நீட்டுவார், போர்வையை எடுப்பார், ஃபேனைப் போடுவார், அணைப்பார். எதுவும் சரியாக இருக்காது. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

"எதையோ கேக்கறாரு அஞ்சு. தினம் கேக்கறாரு. என்னன்னு எனக்குத் தெரியல. தெரியாமலே ஒருநாளு போயிட்டாருன்னா?"

இதைச் சொன்னபோதும் அவர் கை அட்டை அடித்துக்கொண்டுதான் இருந்தது.

அக்காவின் சர்ச்சில் பங்குச் சாமியார் ஓர் அகராதி கொடுத்திருந்தார், லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு. அக்கா ஒன்பதாவது வரை தமிழில் படித்தவர், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். நான் இரண்டிலும் படித்தவள் என்பதால் அர்த்தம் சொல்லும் வேலை எனக்கு வந்தது. எழுதுவதற்கு, மழை ஈரத்தில் வளைந்துபோய்க் கடையில் கழித்துப் போட்ட வெற்று அட்டைகளை எடுத்துக்கொண்டார். மூன்று விரல் அகலம், முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். "நாலா வெட்டிக்கலாமேக்கா," என்றேன். அட்டையை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. அவ்வளவு நீள அட்டையில், ஒரு பக்கம் மூலையில் லத்தீன் வார்த்தை, மறுபக்கம் தமிழ். அக்குவா, தண்ணீர். மானுஸ், கை. தோலோர், வலி. துளை அடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டு, பத்து துளைக்கு ஓர் அட்டை புரட்டுவார். தப்பாகச் சொன்னால் தன் தலையில் தானே குட்டிக்கொள்வார். பிப்ரவரிக்குள் இருநூறு சேர்ந்துவிட்டது.

தினமும் வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்ப்பார், மறுநாள் வந்து சொல்வார். தண்ணீர் டம்ளரைக் காட்டி "அக்குவா?" என்று கேட்டாராம். டிக்கெட் எடுக்காத ஆளைப் பார்ப்பதுபோல் அப்பா பார்த்தாராம். பன்னைக் காட்டி "பானிஸ்?" என்றாராம். "பன்னைத் தின்னுட்டு என்னையே பாத்துக்கினு இருக்காருமா. என் உச்சரிப்புதான் சரியில்ல போல." மறுபடி முதல் அட்டையிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்த மாதக் கடைசியில்தான் குரு வந்தார். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் நெசவாளர் அவர். எங்கள் கடை அட்டைதான் வாங்குவார். அன்று கையில் ஓர் அட்டையோடு வாசலிலேயே நின்றார்.

"எஸ்தரக்கா, என் தறிக்கு மந்திரம் ஏதாச்சும் வெச்சிட்டியா?"

"என்னப்பா ஆச்சு?"

"பார்டர்ல மாங்கா டிசைனுக்கு நடுவுல கோடு வுழுது. ஜரிகை அறுந்துச்சான்னு பாத்தேன், இல்ல. அட்டை மாட்டற பெட்டியப் பாத்தேன், நல்லாத்தான் இருக்குது. அட்டையத் திருப்பினா நூத்திப் பன்னெண்டுக்கும் நூத்திப் பதிமூணுக்கும் நடுவுல இது குந்திக்கினு இருக்குது." கண்ணுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் படித்தார். "நிஹில். பின்னாடி தமிழ்ல வேற போட்டிருக்க, ‘ஒன்றுமில்லை’ன்னு. ஒன்னுமில்லதான், ஒத்துக்கறேன். எனக்குப் பார்டர்லயும் ஒன்னுமில்லாம போச்சே!"

நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டேன். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் கோர்த்த அட்டையில் வந்த முதல் தப்பு அது.

"மன்னிச்சுக்கப்பா. பக்கத்துல வெச்சிருந்தேன், கை தவறி சேந்துடுச்சு."

"நல்ல அட்டையாவே இருக்கட்டுமே, ஒத்த அட்டை இன்னாக்கா பண்ணும்? முன்னாடி வர்றது வந்து, பின்னாடி வர்றது வந்தாதானே மாங்கா?" என்றார் குரு. திட்டுவதற்கு வேறு ஒன்றும் அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் டீ குடித்துவிட்டுத்தான் போனார். மதியம் அக்கா அவர் வீட்டுக்கே போய், தறியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நெய்ததைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் அவர் லத்தீன் அட்டைகளைத் தொடவில்லை. துளை அடித்துக்கொண்டே கேட்டார்.

"அஞ்சு, நீ குரான் ஓதறியே, அர்த்தம் தெரிஞ்சா ஓதற?"

"இப்ப கொஞ்சம் தெரியும்க்கா. சின்னப்ப ஒன்னும் தெரியாது. அப்படியே மனப்பாடம்."

"நடுவுலேர்ந்து ஒரு வார்த்தைய எடுத்துக் கேட்டா சொல்லுவியா?"

யோசித்தேன். "அப்ப சொல்லியிருக்க மாட்டேன். முதல்லேர்ந்து ஓதினாதான் அந்த எடம் வரும்."

மெஷினின் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்துவிட்டார் அக்கா. "எங்கப்பாவும் அப்படித்தானேடி படிச்சிருப்பாரு! பானிஸ்னா ரொட்டின்னு அவருக்கு எந்தக் காலத்துல தெரியும்? நான் ஒத்த ஒத்த அட்டையா நீட்டிக்கினு இருக்கேன்."

அன்று சாயங்காலமே சாமியாரிடம் போய்ப் பழைய பூசை முறையைக் கேட்டு வாங்கி வந்தார். அதில் சாமியார் ஒரு வரி சொல்வார், உதவிப் பையன் ஒரு வரி சொல்வான். சாமியார் சொல்லும் வரிகளை மட்டும் புது அட்டைகளில் எழுதினார். வரிக்கு ஓர் அட்டை. எண் போட்டார். மொத்தம் நாற்பத்தொன்று. தறிக்குக் கோர்ப்பது போலவே கயிற்றில் கோர்த்தார். வரிசை மாறக்கூடாதல்லவா?

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப் போனார். தப்பாகப் படித்தால் திருத்த ஆள் வேண்டுமாம். தேவசகாயம் ஐயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அக்கா கட்டிலின் காலடியில் நின்று முதல் அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"தோமினுஸ் வோபிஸ்கும்."

ஆண்டவர் உங்களோடு இருப்பாராக என்று அர்த்தம். எங்கள் வீட்டில் சலாம் சொல்வதுபோல.

"எத் கும் ஸ்பிரித்து தூவோ," என்றது சுவர்ப் பக்கமிருந்து ஒரு குரல். உம்மோடும் இருப்பாராக என்று உதவிப் பையன் சொல்லும் பதில். பிறகு ஐயா திரும்பினார். மகளைப் பார்த்தார். காத்திருந்தார்.

அக்கா இரண்டாவது அட்டையைப் படித்தார். உடனே பதில் வந்தது. மூன்றாவது. அதற்கும் வந்தது. ஏழாவதோ எட்டாவதோ வரும்போது ஐயா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதம் அவர் கேட்டது தண்ணீரும் இல்லை, போர்வையும் இல்லை. தன் வரியைச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்திருக்கிறார். அக்கா அழுதுகொண்டே படித்தார். அழுகையில் ஒரு வரி தடுமாறியபோது ஐயா புருவத்தைச் சுருக்கினார், அக்கா திருத்திச் சொன்னார், பதில் வந்தது. நாற்பத்தொன்றும் முடிந்ததும், கட்டில் சட்டத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார் ஐயா. பஸ்ஸின் தகரத்தில் கண்டக்டர் தட்டும் அதே தட்டு. வண்டி எடுக்கலாம் என்று அர்த்தம்.

"பாத்தியா, என்னை டிரைவராக்கிட்டாரு," என்று அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

இப்போது தினமும் இரண்டு வேளை நடக்கிறது. ஐயாவுக்குத் தமிழ் இன்னும் வரவில்லை. ஆனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பதில்லை.

போன மாதம் ஒருநாள் கடை மூடும் நேரத்தில் அக்கா அந்தக் கோர்வையை மடித்து, ஒரு துணிப்பையில் போட்டு என் மேஜைமேல் வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை சித்தி வீட்டு விசேஷம், வாலாஜாபாத்ல. திரும்பறதுக்குப் பொழுது சாஞ்சிடும். எங்க வீட்டுக்காரரு அப்பாவுக்குச் சோறு ஊட்டிடுவாரு, ஆனா இதைப் படிக்கச் சொன்னா சிரிப்பாரு. நீ மத்தியானம் ஒரு எட்டு போயிட்டு வர்றியாமா? உங்க வீட்ல ஏதாச்சும் சொல்லுவாங்கன்னா வேணாம்."

"சொல்ல மாட்டாங்கக்கா."

"மெதுவாப் படி. அட்டைய மாத்திடாத. அப்பா தன்னோடத சொல்லி முடிச்ச உடனே அடுத்ததைச் சொல்லிடு அஞ்சு. அவரைக் காக்க வைக்காதமா."