கடைசிக் குஸ்தியில் வென்றது யார்?

எங்கள் புங்குடுதீவுச் சனசமூக நிலையம் குஸ்திக் கொட்டகையின் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டது. குறிகாட்டுவான் துறையடியில் இருந்த கொட்டகை அது. தகரக் கூரை, மணலுக்கு மேல் தும்பு மூடைகள், சுற்றிவர வள்ளக் கயிறு. ஞாயிறு பின்னேரங்களில் சனம் காசு கொடுத்து ரிக்கற் வாங்கி நெரிபட்டுப் பார்த்ததாம். இன்று ஒரு சுவரும் எருக்கலையும்தான் மிச்சம். எல்லாம் எழுதிவிட்டேன். 1979இல் நடந்த கடைசிக் குஸ்தியில் யார் வென்றார் என்பதில்தான் குழம்பிப்போனேன். நினைவுக் கல்லில் அந்தப் பெயரை வெட்ட வேண்டும்.

அன்று குஸ்தி பிடித்த இருவரில் ஒருவர் எங்கள் ஊர்ப் பரராசசிங்கம் ஐயா. எழுபத்துமூன்று வயது, பனங்காணி பார்க்கிறார். கேட்டதும் பாய்ந்தார்.

“அந்த நெடுந்தீவு இலட்சுமணன் கள்ளன், பிள்ளை! அண்டைக்கு விழவேண்டியது அவன். விழேல்லை.”

குஸ்தி நடத்திய தம்பு, யார் வெல்வது என்று இருவரிடமும் தனித்தனியே முன்பே சொல்லிவிடுவாராம். நெடுந்தீவுப் படகு ஊதுவதற்குள் தோற்கிறவர் விழுந்துவிட வேண்டும். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் படகில்தான் திரும்புவார்கள். அன்று படகு ஊதிய பிறகும் ஒருவரும் விழவில்லை. சனம் துறைக்கு ஓடிவிட்டது. ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்ட சினேகிதர்கள் இருவரும் அத்தோடு பேச்சை விட்டார்கள். நாற்பத்தாறு வருடம்! எனக்குக் கேட்கவே எரிச்சல் வந்தது.

ஐயாவை இழுத்துக்கொண்டு நெடுந்தீவுக்குப் போனேன். வழி முழுக்க ஏசிக்கொண்டு வந்தார். இலட்சுமணன் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

“ஏன் ஐசே அண்டைக்கு விழேல்லை?” என்று ஐயா பாய்ந்தார்.

“நான் ஏன் அண்ணை விழவேணும்? நான்தான் வெல்லுறது எண்டெல்லோ தம்பு அண்ணை சொன்னவர்.”

“எனக்கும் அப்பிடித்தானே சொன்னவர்!”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கென்ன தெரியும்? தம்பு செத்து இருபது வருடம். மறதியில் சொன்னாரா, தங்கள் ஆள்தான் வெல்வான் என்று நம்பி இரண்டு தீவாரும் ரிக்கற் வாங்கட்டும் என்று சொன்னாரா, விளங்கவில்லை.

ஐயா முற்றத்தில் கிடந்த கதிரையில் பொத்தென்று குந்தினார்.

“அப்ப இவ்வளவு காலமும் உம்மோடை எனக்கென்ன கோவம்?”

“எனக்கும் விளங்கேல்லை அண்ணை,” என்றார் இலட்சுமணன். “என்ரை மூத்தவன் செத்த வீட்டுக்கும் நீங்கள் வரேல்லை.”

ஐயா மாட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வெளிக்கிட்டனான். துறை வரைக்கும் வந்தனான். படகிலை ஏறேல்லை.”