கார்னர் கடை யாருக்கு?

இன்னைக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங். அடி அண்ணாமலையில, கிரிவலப் பாதையை ஒட்டி நம்ம ஊர் வியாபாரிங்களுக்குக் கட்டப்போற கடைங்களோட பிளானைக் காட்டினாங்க.

கடைங்க எல்லாம் வரிசையா ரோட்டைப் பார்த்து இருக்கு. பொண்ணுங்களுக்குத் தையல் சொல்லித்தர்ற ரூம் மட்டும் பின்னாடி, ஜன்னல்கூட இல்லாம.

"கார்னர் கடை யாருக்கு?"னு இன்ஜினியர் மேடம் பயந்துக்கிட்டே கேட்டாங்க. பாதை திரும்புற இடம், நடந்து வர்றவங்க கண்ணுல முதல்ல படறது அதுதான். நானும் சண்டைக்கு ரெடியாத்தான் போயிருந்தேன்.

வளையல் விக்கிற நூர்ஜகான் அக்கா எழுந்தாங்க.

"அங்க கூட்டம் வர்றது பௌர்ணமிக்கு மட்டும்தாங்க. மத்த நாள்ல பொண்ணுங்க அங்க உக்காந்து தைக்கட்டும், வெளிச்சமாவது இருக்கும். பௌர்ணமிக்கு நாம மாசம் ஒருத்தரா கடை போட்டுக்கலாம்."

எல்லாரும் சரின்னு தலையாட்டினாங்க.

"அப்போ கார்த்திகை தீபம் யாருக்கு?"னு நான்தான் கேட்டு வச்சேன்.

அக்கா அசரல. "அது தைக்கிற பொண்ணுங்களுக்கு. வருஷமெல்லாம் தச்சதை அவங்களே விக்கட்டும்."

மேடம் அங்கேயே பிளானைத் திருத்தினாங்க. "மத்த ஊர்ல இதைப் பேசி முடிக்கவே மாசக்கணக்காகும்"னாங்க. எங்க ஆளுங்களை நெனச்சு நான் ஒரு சுத்து பெருத்துட்டேன்.

மீதி மாசங்களுக்குச் சீட்டு குலுக்கினோம். எனக்கு விழுந்தது ஐப்பசி.

நான் விக்கிறது கரும்பு ஜூஸ். அடமழையில ஜூஸ் குடிக்கிறவங்க யாராவது இருந்தா இப்பவே கை தூக்குங்க.