தேர் நின்ற நாளில் பார்த்த படம்

அந்தப் படத்துக்கு வந்த ஒரே விமர்சனம் நான் எழுதியது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் நாங்கள் நாலு பேர் நடத்திய மாதப் பத்திரிகையில் எனக்குச் சினிமாப் பக்கம். என்னோடு பள்ளியில் படித்த நண்பன் மெட்ராஸ் போய் ஒரு சிரிப்புப் படம் எடுத்திருந்தான். கனவில் செத்துப்போகும் தபால்காரர், தன் சாவுத் தந்தியைத் தானே வீடு வீடாகக் கொண்டுபோகும் கதை. ஊருக்கு ஒரே பிரதிதான் வந்தது. டவுன் தியேட்டரில் ஓடி முடிந்த ரீல் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சைக்கிளில் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள அடி அண்ணாமலை டென்ட் கொட்டகைக்கு அனுப்புவார்கள். தீபத் திருவிழாக் கூட்டத்துக்குப் பயந்து நான் கொட்டகையில் பார்த்தேன்.

தபால்காரர் முதலில் பாடையில் போனார். அப்புறம் தாலி கட்டினார். மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ எரிச்சல். தலையும் இல்லை வாலும் இல்லை என்று ஆரம்பித்து, கதையை வரிசையாகச் சொல்லிச் சொல்லிக் கிழித்தேன். பெரிய மேதாவி என்று நினைப்பு.

பத்திரிகை வந்த மறுநாள் கொட்டகை ஆபரேட்டரை டீக்கடையில் பார்த்தேன்.

"நீங்க படம் பார்த்த அன்னிக்குத் தேர் நடுவீதியில நின்னுடுச்சுங்க. ரெண்டாம் பெட்டி கூட்டத்துல மாட்டிக்கிச்சு. மூணாம் பெட்டிக்காரன் சந்துல பூந்து முன்னாடி வந்துட்டான். சரின்னு அதையே முதல்ல ஓட்டிட்டேன். வேற படம்னா விசில் அடிச்சிருப்பாங்க. இதுல ஒருத்தரும் கண்டுபிடிக்கல" என்று சிரித்தார்.

அன்றே ஒரு திருத்தம் எழுதினேன். ரீல் மாறியதுகூடத் தெரியாத விமர்சகன் என்று ஊர் சிரிக்குமே என்ற பயத்தில் அதைக் கிழித்தும் போட்டேன்.

தயாரிப்பாளர் என் விமர்சனத்தைக் காட்டியே, பேசி வைத்திருந்த அடுத்த படம் இல்லை என்று நண்பனிடம் சொல்லிவிட்டார். அவன் ஊர் திரும்பி ஓர் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தினமும் பார்த்துக்கொள்வோம். அந்தப் படத்தை மட்டும் பேசமாட்டோம்.

எட்டு வருஷம் கழித்து அவன் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தபோது, தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"தெரியும்டா. நீ கதைய எழுதியிருந்த வரிசையப் படிச்ச அன்னிக்கே தெரியும். உன்கிட்ட சொல்லிட்டதா ஆபரேட்டரும் சொன்னாரு."

"அப்ப ஏன்டா தயாரிப்பாளர்கிட்ட சொல்லல?"

"நான் சொன்னா சாக்குன்னு நெனப்பாரு. நீயே திருத்தம் எழுதுவேன்னு ரெண்டு மாசம் காத்திருந்தேன்" என்றான். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். "அதுக்கப்புறம் படத்துக்காக இல்ல. நீயா எங்கிட்ட சொல்றியான்னு பார்க்கத்தான் காத்திருந்தேன்."