என் முழங்காலுக்கு அம்மா சொன்ன சாட்சி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஆரல்வாய்மொழிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் ஆலயத்தில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் முதலில் எரிச்சல்தான் வரும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

நான் கூடைப்பந்து ஆடுகிறவள். அதுதான் என் பிழைப்பு. சென்னையில் ஓர் அரசுத் துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, அந்தத் துறையின் பெண்கள் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தேன். அணியில் இருக்கிற வரைக்கும் மைதானம். அணியிலிருந்து எடுத்துவிட்டால் மேஜை, நாற்காலி, ஃபைல். பதினெட்டு வயதில் கணுக்கால் பிசகியது. இருபத்திரண்டில் விரல் முறிந்தது. ஒவ்வொரு முறையும் ஆட முடியுமா என்று கோச் கேட்டு முடிப்பதற்குள் "ஓகே சார்" என்று சொல்லிவிட்டு ஓடியிருக்கிறேன். நாம் உட்கார்ந்தால் நம் இடத்தில் இன்னொருத்தி ஆடுவாள். அவள் நன்றாக ஆடித் தொலைத்தால் நம் கதை முடிந்தது.

இருபத்தேழாவது வயதில் ஒரு போட்டியில் குதித்து இறங்கும்போது வலது முழங்கால் உள்பக்கமாகத் திரும்பி லிகமென்ட் அறுந்துபோனது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஒன்பது மாதம் என்றார். எட்டரை மாதத்தில் விடுவீர்களா என்று வந்து நிற்காதே என்று முன்கூட்டியே திட்டியும் வைத்தார். ஒன்பது மாதம் முடிந்ததும் துறையில் உடல்தகுதித் தேர்வு. தேறினால் அடுத்த சீசனில் எனக்கு இடம் உண்டு. அதுவரை ஓய்வெடுக்கலாம் என்று லீவு போட்டு ஊருக்கு வந்தேன். ஓய்வாம்!

எங்கள் ஊரில் உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆட்டுக்கால் சூப் வந்தது, முறிவெண்ணெய் வந்தது, பிரண்டைத் துவையல் வந்தது. துபாயில் இருக்கும் சித்தப்பா வாட்ஸ்அப்பில் தினம் ஓர் உடற்பயிற்சி வீடியோ அனுப்பினார். பக்கத்து வீட்டு அத்தை மட்டும் கூடையில் ஆரஞ்சுப் பழத்தோடு நியாயமும் கொண்டுவந்தாள்.

"ஏட்டி, ஆஸ்பத்திரில கொண்டு கீறினதுதான் தப்பு. வர்ம ஆசான்ட்ட காட்டியிருந்தா மூணு தடவ தடவி நேராக்கியிருப்பாரு."

கீறித் தைத்து முடித்த பிறகு இதைச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனால், போதகர் வாசிக்கிற ஜெபக் குறிப்பில் என் முழங்காலும் இருக்கும். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் எல்லாரும் முதலில் என் காலைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தை.

இவர்களையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அம்மா இருக்கிறாளே! விடிந்ததும் "வலி இருக்கா மக்கா?" காப்பி குடித்ததும் "இப்ப வலிக்கா?" குளிக்கப் போகும் முன் ஒரு தடவை, குளித்து வந்ததும் ஒரு தடவை. ஆபரேஷன் முடிந்து இரண்டரை மாதம் இருக்கும். ஒரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கி நீட்டும் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். முழங்கால் பன்போல வீங்கியிருந்தது. நாலாவது தடவையாக வந்து கேட்டாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா செரியாயிட்டு. போதுமா?"

சொன்னதை நான் சாயங்காலத்துக்குள் மறந்துவிட்டேன். அம்மா மறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தது. தங்களுக்குக் கிடைத்த நன்மையைச் சபை நடுவே எழுந்து நின்று சொல்வது எங்கள் வழக்கம். அம்மா அதுவரை ஒரு தடவைகூட எழுந்ததில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அடுப்படிக்குள் போய்விடுவாள். அன்றைக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"எம் மவளுக்குக் கால் பூரண சுகமாயிட்டு. ரெண்டு மாசமா நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க, ஆண்டவர் கேட்டாரு. ஸ்தோத்திரம்."

சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே போனால் ஊன்றிக்கொள் என்று டாக்டர் கொடுத்த ஊன்றுகோல் பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. அதை நல்ல காலால் இன்னும் உள்ளே தள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். "செரியாயிட்டுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நீதானட்டி சொன்ன?"

ஊன்றுகோலைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தேன்.

அன்றிலிருந்து வேறு விதமான வேதனை. நான் தெருவில் நொண்டினால் அம்மா பொய்ச்சாட்சி சொன்னவள் ஆகிவிடுவாள், அதுவும் ஆண்டவர் பெயரால். அதனால் ஊன்றுகோலை வீட்டிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்து நடந்தேன். "பாத்தியா, ஜெபத்துக்க பலன!" என்று வழியில் நிறுத்தி வைத்துப் பேசினார்கள். நின்றால்தான் வலி அதிகம், அது அவர்களுக்கு எங்கே தெரியும்? வீட்டுக்கு வந்து ஐஸ் வைப்பேன். நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்ட், ஏன் இப்படி வீங்குது என்று கேட்டார். மாடிப்படி ஏறினேன் என்றேன். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

ஆறு வாரம் கழித்து ஆலயப் பண்டிகை. கடைசி நாள் அசனம், அதாவது ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. பரிமாறுவது இளம் வயதுக்காரர்கள் வேலை. ஓரமாக உட்கார்ந்திருந்த என்னைப் பெண்கள் சங்கத்து அக்கா ஒருத்தி பார்த்துவிட்டாள்.

"சுகம் கிடைச்சவ நீயில்லா மக்கா முதல்ல வெளம்பணும்!"

குழம்பு வாளியைக் கையில் கொடுத்துவிட்டாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அடுப்புப் பக்கத்திலிருந்து அம்மா பாதி எழுந்து என்னையே பார்த்தாள். நான் வாளியை வாங்கிக்கொண்டேன். உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், மைதானத்தில் ஓடியவளுக்குப் பந்தி எம்மாத்திரம் என்கிற திமிரும் கொஞ்சம் இருந்தது.

இரண்டு வரிசை ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது வரிசையில் யாரோ முதுகுக்குப் பின்னால் "கொழம்பு இங்க, கொழம்பு இங்க" என்றார். மைதானத்தில் திரும்புகிற மாதிரியே சட்டென்று ஒற்றைக் காலில் திரும்பினேன். தரையில் ரசம் சிந்தியிருந்தது. முழங்காலுக்குள், முன்பு போட்டியில் கேட்ட அதே சத்தம். வாளி உருண்டது. எதிரே இருந்தவரின் வெள்ளை வேட்டி முழுக்கக் குழம்பு. தரையில் கிடந்த என்னிடம் "ஒண்ணுமில்லியே?" என்று கேட்டார்கள். அப்போதும் என் வாய் என்ன சொல்லிற்று தெரியுமா? "ஒண்ணுமில்ல." என்ன ஜென்மமோ!

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தைத்த லிகமென்ட் தப்பியிருந்தது. பக்கத்திலிருந்த ஜவ்வு கிழிந்திருந்தது. மறுபடியும் ஆபரேஷன், மறுபடியும் மாதக்கணக்கு. திரும்பி வருகிற ஆட்டோவில் அம்மாவிடம் சொன்னேன்: "ஒன் சாட்சிதான் என் காலை ஒடிச்சுது." அவள் ஸ்கேன் கவரை மடியில் வைத்து வீடு வரைக்கும் நீவிக்கொண்டே வந்தாள்.

அந்த ஞாயிறு இரண்டு கையிலும் ஊன்றுகோலோடு ஆலயத்துக்குப் போனேன். நன்றாகப் பார்க்கட்டும் என்ற வீம்பு. சாட்சி நேரத்தில் அம்மா மறுபடியும் எழுந்தாள்.

"அன்னைக்கு நான் சொன்ன சாட்சி தப்பு. பிள்ளைக்கு கால் செரியாவல்ல. நாந்தான் ஆசைல முந்திச் சொல்லிட்டேன். அவ மேல குத்தம் ஒண்ணுமில்ல. இன்னும் ஜெபிங்க."

சொன்ன சாட்சியை யாரும் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். போதகர் கொஞ்சம் தடுமாறிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். நான் அவளிடம் "செரியாயிட்டு" என்று சொன்னதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பக்கம் கிடைக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானமே கோச் போன் செய்தார். "லிஸ்ட் அனுப்பணும்மா. டெஸ்டுக்கு வந்துடுவ இல்ல? ஓகேதானே?"

"ஓகே சார்" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சமையலறையில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"இல்ல சார். இன்னொரு தடவை கிழிஞ்சுட்டு. இந்த சீசன் என்னால வர முடியாது."

என் ஆட்டக்காரி வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என் இடத்துக்கு ஒரு ஜூனியர் பெண்ணை எடுத்தார். அவள் நன்றாகவும் ஆடித் தொலைத்தாள்.

அடுத்த வருடம் தகுதித் தேர்வில் தேறினேன். இப்போது அவள் முதலில் இறங்குகிறாள், அவள் களைத்தால் நான் இறங்குகிறேன். அம்மா இன்னொரு சாட்சி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊருக்குப் போனால் இன்னமும் "கால் எப்படி இருக்கு?" என்று பத்துப் பேர் கேட்டு உயிரை எடுக்கிறார்கள். பத்துப் பேரிடமும் எரிச்சலோடுதான் பேசுகிறேன், ஆனால் அன்றைக்குக் கால் எப்படி இருக்கிறதோ அதை அப்படியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்வதை நம்பி எழுந்து நிற்க எனக்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.