ஏழாம் நம்பர் அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை தாராவியில் எங்கள் பழைய சந்துக்குள் நுழைந்ததும் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. பண்டிகை எதுவும் இல்லையே, யார் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று பார்த்தால், கணக்கெடுக்க வந்தவர்கள் ஒவ்வொரு கதவிலும் சிவப்பு பெயின்டில் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். சந்து முழுவதையும் இடிக்கப்போகிறார்களாம். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. நான் செம்பூருக்குக் குடிபோய் ரொம்ப வருஷமாகிவிட்டது. ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம், ஆனாலும் வருவதே இல்லை. அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டு அந்த நம்பர்களைப் பார்த்தபடி நடந்தேன்.

நம்பர் விஷயத்தில் எனக்கு ஒரு பழைய உறுத்தல் உண்டு. இவர்கள் பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே இந்தச் சந்துக்கு நம்பர் போட்டவள் நான். கதவுகளுக்கு இல்லை, மனுஷிகளுக்கு.

சொல்கிறேன், கேளுங்கள். அப்போது நான் சயானில் ஒரு காலேஜில் இங்கிலீஷ் பாடம் எடுத்துக்கொண்டே பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தேன். எங்கள் சந்திலிருந்து அந்தப் படிப்புவரைக்கும் போன முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன், வாய் கேட்பதில்லை. அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வெட்டுகிற வேலை. "இங்கிலீஷ்ல ஏதோ கோளாறாம், எம் மவதான் பாக்கா" என்று பட்டறை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஆராய்ச்சி என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை படித்ததில்லை.

கோளாறு இருக்கத்தான் செய்தது. சந்துப் பிள்ளைகள் எல்லாரும் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போக ஆரம்பித்திருந்த காலம். பள்ளிக்கூடத்தில் அம்மாக்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள்" என்பார்கள். இவர்கள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வருவார்கள். நான் படித்த புத்தகங்களும் இங்கிலீஷ் தெரியாத வீட்டைக் கிட்டத்தட்ட காலி வீடாகத்தான் பேசின. ஆனால் எங்கள் சந்தில் சாயங்காலமானால் ஒவ்வொரு வாசலிலும் ஓர் அம்மா உட்கார்ந்து பிள்ளையின் இங்கிலீஷ் பாடத்தை அதட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த எழுத்தே தெரியாமல் எதை அதட்டுகிறாள்? அதைக் கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி.

ஒன்பது பெண்கள் சம்மதித்தார்கள். மத்தியான வேலை ஓய்ந்த பிறகு பேச்சு, சாயங்காலம் பாடம் நடக்கும்போது பதிவு. டேப் ரெக்கார்டர் என் வழிகாட்டிப் பேராசிரியை இரவல் தந்தது. கேசட்டுகள் அப்பாவுடையவை, பழைய பாட்டுகளை அழித்துவிட்டு அதன்மேல் பதிந்தேன். அதற்கு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேச்சு நல்ல இடத்துக்கு வரும்போது வெளியே யாராவது "தண்ணி வந்துட்டு!" என்று கத்துவார்கள். அவ்வளவுதான், ஒன்பது பேரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். கேசட்டில் மிச்சம் முழுக்க வாளிச் சத்தம். நானும் நேர்மையாக, "தண்ணீர் வந்ததால் உரையாடல் நின்றது" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைத்தேன். "ஏம்மா, இவா ஒரு வாக்கியத்தையும் முடிக்கவே மாட்டாளா?" என்று கேட்டார் பேராசிரியை. அவர் மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிற வீடு.

ஒன்பது பேரில் செல்லக்கனியக்காதான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவளாக ஆகிவிட்டாள். தோல் பைகளுக்கு உள்துணி ஒட்டித் தைப்பது அவள் தொழில். வீட்டுக்குள் எந்நேரமும் பசை வாசனை, நாங்கள் சொல்யூஷன் என்போமே, அது. இப்போதும் புதுப் பை வாங்கினால் திறந்து முகர்ந்து பார்ப்பேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பான். அக்கா ஊரில் மூன்றாம் வகுப்புவரை தமிழ் படித்தவள். இங்கிலீஷில் தெரிந்தது தன் பெயர் எழுத மட்டும், அதுவும் மகள் ரேவதி சொல்லிக்கொடுத்தது.

ரேவதி பாடம் வாசிக்கும்போது அக்கா தையலை நிறுத்தமாட்டாள். கண் மட்டும் பிள்ளையின் விரல்மேல் இருக்கும். திடீரென்று, "நில்லு" என்பாள். "இங்கன ஏன் வெரசா போற? என்ன போட்டிருக்கு, தமிழ்ல சொல்லு."

"அது... அது அப்படித்தாம்மா."

"அப்படித்தான்னா ஒனக்கு வெளங்கலன்னு அர்த்தம். நாளைக்கு டீச்சர்ட்ட கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு."

நான் பின்னால் உட்கார்ந்து சரிபார்த்தேன். அக்கா நிறுத்திய இடங்களில் பிள்ளை நிஜமாகவே தடுமாறியிருந்தாள். தெரியாத இடத்தில்தான் பிள்ளைகள் வேகமாகப் போவார்கள், தெரிந்த இடத்தில் ராகம் போட்டு நிதானமாக வாசிப்பார்கள். இது எனக்குத் தெரியாது. எம்.ஏ.யில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு ஒரு காலேஜில் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தவளுக்குத் தெரியவில்லை! அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமைதான், வேறென்ன.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது அந்த ஒப்புதல் படிவம் வந்து சேர்ந்தது. ஆராய்ச்சியில் பங்கெடுப்பவர்கள் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். பதிலுக்கு, அவர்கள் பெயரை எங்கேயும் வெளியிடமாட்டேன் என்று நான் உறுதி சொல்லவேண்டும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். நான் ஏதோ பெரிய மரியாதை செய்கிற நினைப்பில், "ஒங்க பேரு எங்கயும் வராதுக்கா. நீங்க ஏழாம் நம்பர்" என்றேன்.

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "ஏன்? நாங்க என்ன களவாண்டோமா, பேர மறைக்க?"

"ஒங்க நல்லதுக்குத்தான்க்கா."

"எங்க நல்லது எங்களுக்குத் தெரியாதாட்டி? சொன்னது நானு. படிச்சவுகளுக்கு அத நம்பர் சொன்னதா காட்டுவியோ? ஜெயில்லதான் நம்பர் போடுவாவ. பேரு இல்லன்னா பேச்சும் இல்ல, போ."

செல்லக்கனி வேண்டாம் என்றால் மற்ற எட்டுப் பேரும் வேண்டாம்தான். மூன்று வாரம் ஒரு வார்த்தை பதிவாகவில்லை. குழாயடியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆராய்ச்சியை ஒப்படைக்கிற கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அழுகையும் ஆத்திரமுமாக மாட்டுங்காவுக்குப் போய்ப் பேராசிரியையிடம் கொட்டினேன். அவர் படிவத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"பேர் போடப்படாது. அதுல மாத்தமே இல்லை" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனா பாரு, இந்த விதி நோக்குத்தான். அவாளுக்கு இல்லை. நீதான் சொல்லப்படாது. அவாளா சொல்லிண்டா யார் தடுக்க முடியும்?" என்றார்.

ஓடிவந்து அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன். அவள், "அப்போ நீ வாயத் தொறக்கக் கூடாது. நான் தொறக்கலாம். அப்படித்தான?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கொண்டு, படிவத்தில் இங்கிலீஷில் தன் பெயரை எழுதினாள். எழுத்துகள் ஒவ்வொன்றும் மேல்நோக்கி ஏறிக்கொண்டே போயின. அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

பிஎச்.டி.யில் கடைசியாக வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்று அறிவிப்பு போடுவார்கள். சும்மா ஒரு சம்பிரதாயம், பேராசிரியர்களைத் தவிர ஒருவரும் வரமாட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு அது தெரியாதே! அந்தக் காகிதத்தை வீடுவீடாகக் கொண்டுபோய், "எம் மவளுக்குப் பரீட்ச, எல்லாரும் குடும்பத்தோட வரணும்" என்று அழைத்துவிட்டார். வேலை நாள். ஒருநாள் கூலி போனாலும் போகட்டும் என்று ஒன்பது பேரும் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, சயானில் ட்ரெயின் ஏறிப் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிட்டார்கள், அக்கா ரேவதியையும் கூட்டிக்கொண்டு. நேரே முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். அது பேராசிரியர்களுக்கு என்று பியூன் சொன்னதும் எழுந்து கடைசி வரிசைக்குப் போனார்கள். பேராசிரியை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

தேர்வாளர் வெளியூரிலிருந்து வந்தவர், இந்திக்காரர். அரைமணி நேரம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார்: "இந்த ஏழாம் நம்பர் பெண்மணி மூன்றாம் வகுப்பு படித்தவர் என்கிறீர்கள். ஆசிரியர்களுக்கே நாங்கள் பாடுபட்டுச் சொல்லித்தருகிற ஒன்றை இவர் தையல் தைத்துக்கொண்டே செய்கிறார் என்கிறீர்கள். இப்படி ஒருவர் உண்மையில் இருக்கிறாரா, இல்லை நீங்களாக உண்டாக்கினீர்களா?"

இட்டுக்கட்டினாள் என்று ஆனால் என் பட்டம் போச்சு, வேலையும் போகும். கேசட்டுகள் என் பையில்தான் இருந்தன, போட்டுக்காட்ட டேப் ரெக்கார்டர் இல்லை. அந்தப் பெண்மணியோ எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் மல்லிகைப்பூவோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் திரும்பிப் பார்த்தால்கூட அவளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, "இருக்கிறார் சார். பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் நம்பிக்கை இல்லை.

பின்னால் ரேவதியின் கிசுகிசுப்பு கேட்டது. அக்கா அவளிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்காலி இழுபடும் சத்தம். அப்புறம் அந்தக் குரல், எங்கள் பம்பாய் இந்தியில்:

"ஸாப், ஓ சாத் நம்பர் மைச் ஹை."

அந்த ஏழாம் நம்பர் நான்தான் என்றாள். அதோடு நிற்கவில்லை. "மேரா நாம் செல்லக்கனி" என்று பெயரையும் சொல்லிக்கொண்டே மேஜையருகில் போய் நின்றாள். வேண்டுமானால் நீங்களே ஒரு பக்கம் வாசியுங்கள், உங்களுக்கு எங்கே புரியவில்லை என்று சொல்கிறேன் என்றாள். ஐயோ, தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் நல்லவர். என் ஆய்வேட்டிலேயே ஒரு பக்கத்தைத் திறந்து, வரிமேல் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். அக்கா விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். முதல் பத்தி போயிற்று. இரண்டாவது பத்தியின் நடுவில் கையை நீட்டினாள்.

"ருக்கோ ஸாப். இதர் ஆப் ஜல்தி கியா." நில்லுங்கள், இங்கே வேகமாகப் போனீர்கள்.

அவர் அந்தப் பத்தியை வாய்க்குள் திரும்ப வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஏட்டை என் பக்கம் திருப்பி, "உண்மைதான், எனக்குப் புரியவில்லை. இதற்கு என்ன அர்த்தம்?" என்றார்.

அது நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய பத்தி. படித்தவள் என்று காட்டுவதற்காக, நாலைந்து பெரிய புத்தகங்களின் சொற்களை அள்ளிப்போட்டுக் கட்டியது. வாயைத் திறந்தேன். "இட் ஈஸ்... லைக் தட் ஒன்லி, சார்" என்று வந்தது.

ரேவதிதான் முதலில் சிரித்தாள். "அம்மா, இந்த அக்காவும் 'அது அப்படித்தான்'னு சொல்லுதா!" பிறகு கடைசி வரிசை மொத்தமும், அப்புறம் தேர்வாளரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குப் பட்டம் கிடைத்தது, ஒரே ஒரு திருத்தத்தோடு: அந்தப் பத்தியை எடுத்துவிடவேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவமானப்பட்டதே இல்லை. அன்று அக்கா அந்த மேஜையருகே நின்ற நிமிர்வை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

வெளியே வராந்தாவில் என் சொந்தப் பிரதியை வாங்கி, "எங்கட்டி நான் இருக்கேன்?" என்று கேட்டாள். பங்கேற்பாளர் பட்டியல் பக்கத்தைக் காட்டினேன். என் பேனாவைப் பிடுங்கி ஏழுக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். மற்ற எட்டுப் பேரும் வரிசையில் நின்று அவரவர் எண்ணுக்கு நேரே எழுதினார்கள், பாதிப் பேர் தமிழில். பியூன் எல்லாருக்கும் டீ சொன்னார்.

இப்போது அந்த ஆய்வேடு பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் கிடக்கிறது, யாரும் பார்க்கலாம். அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் மட்டும்தான். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை செல்போன் பார்த்துக்கொள்கிறது, வாசலில் உட்கார்ந்து அதட்ட ஆளில்லை. ஒன்பது பேரில் நாலு பேர் இன்று உயிரோடு இல்லை. அக்கா போன மாதம்தான் டோம்பிவிலிக்கு, ரேவதி வீட்டுக்குப் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கதவின் முன்னால் வந்து நின்றேன். பூட்டு தொங்கியது. சிவப்பு பெயின்டில் பெரிய நம்பர். அதற்குக் கீழே கறுப்பு மார்க்கரில், இங்கிலீஷில், மேல்நோக்கி ஏறிக்கொண்டே போகும் எழுத்துகள். அங்கேயே நின்று போன் போட்டேன்.

"அக்கா, கதவுல பேரு எழுதுனது நீங்கதான?"

"பின்ன? நம்பர் அவிய போட்டது. வீடு என்னோடதுல்லா."

"இடிக்கும்போது கதவும் போயிருமேக்கா."

"போனாப் போவுது. ஒம் புஸ்தகத்துல இருக்குல்லா?"

"இருக்குக்கா" என்றேன். "ஒம்பது பேரும் இருக்கிய."